விலை கூறா விற்பனை: கரிசல் நிலச் சந்தை வழக்கு ஒன்றன் ஆராய்ச்சி

விற்றலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் பகர்தல் என்பது ஒன்று. இச்சொல்லுக்குச் சொல்லுதல் என்பதும் பொருள். விற்றல் என்பதும் பொருள். பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லித் தெருவில் திரிந்து விற்றோர் பகர்நர் எனவும் பகர்வனர் எனவும் வழங்கப்பெற்றனர். ஏலம் விடுதலை இன்றும் ஏலம் கூறுதல் என்றே நாம் சொல்லுகின்றோம். எனவே, விற்பனை என்பது தமிழர் கருத்தில் சொல்லோடு பிரியாது நின்ற ஒரு செயல் என்பது புலனாகும். அங்ஙனமிருக்க, விற்க வந்தவனே தன் விலையைச் சொல்லாது வாய்மூடி நிற்பதும், கேட்பார்க்கு விரலால் உணர்த்துவதன்றி வாயால் உரையாமையும் ஒரு வழக்காக நிலைபெற்ற இடம் ஒன்று உண்டு. அதுவே மாட்டுச் சந்தை. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தார் இவ்வழக்கை நன்கு அறிவர். விலை மறைக்கப்படுவது ஏன், அம்மறைப்பால் நலம் பெறுவார் யார், கெடுவார் யார் என்பவற்றை இலக்கியச் சான்றும் சந்தை வழக்கும் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்கியத்தில் விலை கூறலும் கூறாமையும்

புகார் நகரத்து வணிகரைப் பாடும் பட்டினப்பாலை, அவர்தம் நடுவுநிலைமையைச் சிறப்பித்துரைக்கின்றது. தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப நோக்கி, மிகுதியாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் பல பண்டங்களையும் பகர்ந்து கொடுத்தவர் என அந்நூல் அவரைக் காட்டுகின்றது. ஈண்டுப் பகர்தல் என்னும் சொல்லே ஆளப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. வெளிப்படச் சொல்லுதல் வணிகனின் நேர்மைக்கு அடையாளமாகக் கருதப்பட்டது என்பது இதனால் பெறப்படும்.

சிலப்பதிகாரத்தில் இருவேறு விற்பனைகள் எதிரெதிர் நிற்கின்றன. முதலாவது, அரங்கேற்று காதையில் வரும் மாலை விற்பனை. மாதவியின் மாலையைக் கூனி ஒருத்தி கையிலேந்தி, நகர இளைஞர் திரியும் தெருவில் பகர்வாரைப் போல நின்றாள். அம்மாலையின் விலை 1008 கழஞ்சுப் பொன் என்பது யாவரும் அறியக் கூறப்பட்டது. வாங்கினான் கோவலன். இரண்டாவது, கொலைக்களக் காதையில் வரும் சிலம்பு விற்பனை. இம்முறை கோவலன் விற்பவன். மதுரை வீதியில் பொற்கொல்லனைக் கண்டு, அரசிக்கு ஏற்ற காலணி ஒன்றனுக்கு விலையிட வல்லனோ என்று வினவுகின்றான். தான் ஒரு விலையும் சொன்னானல்லன். விலையிடும் உரிமையை அயலூரான் ஒருவனிடமே ஒப்புவித்து, அவன் காட்டிய இடத்தில் தனியே காத்திருந்தான்.

கோவலன் கெட்டது ஊழ்வினையால் என்பது காப்பியத்தின் துணிபு. ஆயினும் அவ்வினை வந்து சேர்ந்த வழி ஒரு விற்பனை என்பதை மறத்தற்கில்லை. முதல் விற்பனையில் விலை ஊரறிந்தது, கேட்டார் பலர். இரண்டாவதில் விலை ஒருவர் வாயில் மட்டும் இருந்தது, கேட்டவனும் அவ்வொருவனே. விற்பவனுக்கு அவ்வூர் விலை தெரியாது. உடன் நின்று பேசத் துணையும் இல்லை. அவனுக்குப் பொருள் இன்றியமையாதது என்பதோ அவன் கோலத்திலேயே தெரியும். விலை கூறாமை தானே தீதன்று. கூறாத நிலையில் விற்பவன் எங்கே நிற்கின்றான் என்பதே வினா. இவ்வினாவைக் கையில் கொண்டு சந்தைக்குள் புகுவோம்.

2. துண்டுக்குள் பேசும் விலை

தென்பாண்டி நாட்டார் கால்நடைச் சந்தையைத் தாவணி என்பர். கன்றுகாலிகளைக் கட்டும் கயிற்றுக்கும் தாவணி என்பது பெயர். மதுரையில் பெரிய பேருந்து நிலையம் அமைந்துள்ள மாட்டுத்தாவணி என்னும் இடத்தின் பெயர் இவ்வழக்கை இன்றும் தாங்கி நிற்கின்றது. கரிசல் வட்டாரத்தில் கழுகுமலைத் திருவிழாவை ஒட்டி மாடுகள் கூடிய வழக்கும், எட்டயபுரத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையும் பலரும் அறிந்தவை. கொங்கு நாட்டில் ஆடித் திங்களில் கூடும் அந்தியூர்ச் சந்தையும், சித்திரையில் கூடும் கண்ணபுரம் சந்தையும் இவற்றோடு ஒப்புநோக்கத் தக்கன.

இச்சந்தைகளில் மாடு பார்த்தல் வெளிப்படையாகவே நடைபெறும். சுழி பார்ப்பர், வாயைத் திறந்து பல் எண்ணுவர், இரண்டு பல், நான்கு பல், கடை சேர்ந்தது என வயதைத் துணிவர், நடக்கவிட்டுக் கால் பார்ப்பர். குற்றமும் குணமும் யாவரும் கேட்கப் பேசப்படும். விலை என்னும் இடம் வந்தவுடன் பேச்சு நின்றுவிடும். தரகர் தம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தம் கைமேலும் எதிரே நிற்பவர் கைமேலும் போடுவார். துண்டுக்குள் விரல்கள் பற்றப்படும். ஒரு விரலைப் பற்றினால் ஒன்று. ஐந்தையும் பற்றினால் ஐந்து. அவ்வொன்று நூறோ ஆயிரமோ பதினாயிரமோ என்பது மாட்டின் தரத்தைக் கண்டே இருவர்க்கும் விளங்கும். ஐந்துக்கு மேற்பட்ட எண்ணைக் காட்டும் முறை இடந்தோறும் சிறிது சிறிது வேறுபடும். கேட்கப்பட்ட விலை ஒவ்வாதாயின் தலையசைப்பே மறுமொழி. விரல் மீண்டும் பற்றப்படும். சுற்றி நிற்பார் பலராயினும் ஓர் எண்ணும் எவர் காதிலும் விழாது. ஒத்துக்கொண்டபின் அச்சாரம் கைமாறும், கயிறு கைமாறும். அதன்பின்னரும் விலை இன்னதென்று கேட்பார்க்கு உண்மை விலை சொல்லப்படுவது அரிது.

இவ்வழக்குத் தமிழகத்துக்கே உரியதன்று, அண்மைக்காலத்ததும் அன்று. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பன்முறை வந்த பிரெஞ்சு மணி வணிகர் தவெர்னியே, 1676இல் வெளிவந்த தம் பயண நூலில், தக்காணத்து வைரச் சுரங்கப் பகுதிகளில் இம்முறையைக் கண்டு எழுதியுள்ளார். வாங்குவோரும் விற்போரும் எதிரெதிர் அமர்ந்து, ஒருவர் இடைத்துணியை அவிழ்த்து அதனுள் மற்றவர் கையைப் பற்றுவர். முழுக்கையையும் பற்றினால் 1000. ஐந்து விரலையும் பற்றினால் 500. ஒரு விரல் 100. விரலின் நடுக்கணு வரையில் 50. விரல் நுனி 10. ஒரே கூடத்தில் பலர் கூடியிருக்கவும், ஒரே வைரப் பொதி பன்முறை கைமாறவும், உடனிருப்போர் அவ்விலையை அறியார் என்பது அவர் கண்டது. வைரத்துக்கும் உழவு மாட்டுக்கும் பொதுவாயது யாது? அதனை ஆராயுமுன் மறைத்தலின் மற்றொரு கருவியாகிய சொல்லைக் காண்போம்.

3. குழூஉக்குறி

தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாகக் குழூஉக்குறியை நன்னூலார் ஓதினார். ஒரு கூட்டத்தார் தமக்குள் ஒரு காரணம் பற்றி ஒரு பொருளின் பெயரை நீக்கி வேறொரு பெயரால் வழங்குதல் குழூஉக்குறியாம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றலும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றலும் மாணவரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். இவை உரையாசிரியர் வாயிலாகத் தொன்றுதொட்டு வருவன. ஆனால் குழூஉக்குறி பெரிதும் பயன்படும் இடம் பொருட்பெயர் அன்று, எண்ணுப்பெயர் என்பது நம் ஆராய்ச்சியில் போதிய இடம் பெறவில்லை.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய நூலில் தமிழ் வணிகரின் மறைமொழிகள் சில தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் எண்ணுக்குரியவை இவை: ஒன்று மதி, இரண்டு வினை, மூன்று குணம், நான்கு சுருதி, ஐந்து சரம், ஆறு மதம், ஏழு திரை, எட்டு கிரி, ஒன்பது மணி, பத்து திசை. திங்கள் ஒன்று, நல்வினை தீவினை என வினை இரண்டு, குணம் மூன்று, மறை நான்கு, காமன் கணை ஐந்து, சமயம் ஆறு, கடல் ஏழு, மலை எட்டு, மணி ஒன்பது, திசை பத்து என்பது இதன் அமைப்பு. புலவர்கள் ஆண்டுகளைச் செய்யுளில் குறிக்கக் கையாண்ட முறையே ஈண்டு வணிகர் கையில் பூட்டும் திறவுகோலுமாக மாறியுள்ளது.

இதன்கண் ஒரு நுட்பம் உண்டு. இத்தகைய பூட்டைத் திறத்தற்குப் பொறி யாதும் வேண்டா, கல்வி வேண்டும். நான்மறை என்பதும் ஐங்கணை என்பதும் அறிந்தானுக்கு இது விளையாட்டு. கல்வி வாய்ப்பைப் பெறாது ஏர்பிடித்த ஒருவன் தன் பொருளுக்கு எதிரிலேயே விலை பேசப்படுவதைக் கேட்டும் அறியானாய் நிற்பான். விரலும் துண்டும் சுற்றி நிற்பாரிடமிருந்து விலையை மறைத்தன. குழூஉக்குறியோ பொருளுக்குரியவனிடமிருந்தே மறைக்க வல்லதாயிற்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுதல் பிழை. பின்வரும் ஆராய்ச்சிக்கு இவ்வேறுபாடே அடிப்படையாகும்.

4. மறைத்தற்குக் காரணம்

விலையை மறைப்பவன் ஏமாற்றுபவன் என்று கொள்வது எளிது. ஆயின் உண்மை அத்துணை எளிதன்று. மறைத்தற்குத் தக்க காரணங்கள் மூன்று காணப்படுகின்றன.

முதற்காரணம் பொருளின் இயல்பு. உப்புக்கும் அரிசிக்கும் ஊர் விலை உண்டு. இன்று வாங்கிய படியும் நாளை வாங்கும் படியும் ஒன்றே. மாடு அத்தகையதன்று. ஒரே வயதும் ஒரே நிறமும் உடைய இரண்டு காளைகளுள் ஒன்று கரிசல் சேற்றில் ஏரிழுக்கும், மற்றொன்று படுத்துவிடும். வைரமும் அவ்வாறே, ஒன்றுபோல் ஒன்றிராது. மணிக்கும் மாட்டுக்கும் பொதுவாயது இத்தனித்தன்மையே. இத்தகைய பொருளுக்கு விலை என்பது முன்னரே இருப்பதொன்றன்று. இருவர் பேச்சில் பிறப்பது. பிறக்குமுன்னர் அதனை உரத்துச் சொல்லுதல் இயலாது.

கடற்கரைக்குச் சென்றால் இவ்வேறுபாடு நன்கு விளங்கும். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் வந்திறங்கும் மீன் உரத்த குரலில் ஏலம் கூறப்படுகின்றது. மீன் சிறிது நேரத்தில் கெடும். ஆதலின் விலை உடனே பலர் வாயில் பிறந்தாக வேண்டும். அம்மீனைப் பிடித்து வந்த படகையே விற்க நேர்ந்தாலோ நிலை வேறு. ஒவ்வொரு படகும் தனிப்பொருள். அதன் மரமும் பொறியும் பட்ட பாடு உரியவர்க்கே தெரியும். பழைய படகு, ஊர்தி, உழுபொறி ஆகியவற்றின் விற்பனை விளம்பரங்களில் விலைக்குரிய இடத்தில் விலை நேரில் என்னும் இரண்டு சொற்களே நிற்பது நாம் காண்பதொன்று. துண்டு இல்லையேனும் துண்டின் வேலையை அச்சொற்கள் செய்கின்றன.

இரண்டாவது காரணம் சொல்லின் கட்டுப்பாடு. விற்பவன் முதலில் ஒரு விலை சொன்னால் அதற்குமேல் பெறும் வாயில் அடைபடும். வாங்குபவன் முதலில் சொன்னால் அதற்குக் கீழ் இறங்கும் வாயில் அடைபடும். ஆதலின் இருவரும் மற்றவர் முந்திச் சொல்லுவதை எதிர்நோக்குவர். பலர் கேட்கச் சொன்ன சொல்லை மாற்றுதல் மானக்கேடு. துண்டுக்குள் பற்றிய விரலையோ நாணமின்றி விடலாம், மீண்டும் பற்றலாம். மேலும், ஒரு மாட்டுக்குக் கேட்கப்பட்ட குறைந்த விலை சந்தையில் பரவிவிட்டால் அடுத்து வருவார் அதற்குமேல் கேளார். பேரம் முறிந்த மாட்டுக்கு இழுக்கு நேராதபடி காப்பதும் துண்டே.

மூன்றாவது காரணம் கரிசல் நிலத்தின் வாழ்க்கையிலிருந்து எழுவது. இது மானாவாரி நிலம். ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் பெய்வது. அம்மழை பொய்த்தால் பருத்தி இல்லை. கம்பும் சோளமும் இல்லை. தட்டை இல்லாதபோது மாட்டுக்குத் தீனியும் இல்லை. மழையற்ற ஆண்டில் விற்போர் பலராவர், வாங்குவோர் சிலராவர். அக்காலத்தில் சந்தைக்கு மாடு ஓட்டி வருபவன் மறைப்பது விலையை அன்று. தன் முடையை மறைக்கின்றான். எவ்வளவு கேட்டால் கொடுப்பான் என்பது வெளிப்படின், எவ்வளவு கடன்பட்டான், எத்தனை நாளைக்குத் தீனி வைத்திருக்கின்றான் என்பனவும் வெளிப்படும். வாய்திறந்து சொன்ன விலை ஒரு குடும்பத்தின் வறுமைக்கு அளவுகோலாகிவிடும். ஊராரும் உறவினரும் கூடும் சந்தையில் துண்டு, எளியவனின் மானத்தைப் போர்த்திய துணியாகவும் இருந்தது.

5. மறைப்பு யாருக்கு?

இக்காரணங்கள் மூன்றும் விற்பவனும் வாங்குபவனும் நேருக்கு நேர் விரல் பற்றும் இடத்துக்கே பொருந்துவன. இடையில் தரகர் புகுந்தவுடன் நிலை மாறுகின்றது. தரகர் விற்பவனிடம் ஒருமுறையும், வாங்குபவனிடம் ஒருமுறையும் கை போடுகின்றார். இரண்டு துண்டுகளுக்குள் பிறந்த இரண்டு எண்களையும் அறிந்தவர் அவர் ஒருவரே. அவற்றின் வேறுபாடு யாருக்குச் சென்றது என்பதை அறிய மற்ற இருவர்க்கும் வழியில்லை. தரகர் எல்லாரும் இவ்வேறுபாட்டைக் கவர்வோர் என்பது கருத்தன்று. மாட்டின் குறையை மறைத்த தரகரை அடுத்த சந்தையில் எவரும் நாடார் ஆதலின், நாணயமே பலருக்கு முதலாக இருந்தது. ஆயினும் நாணயம் ஒருவர் மனத்தைப் பொறுத்தது. முறை அதனைக் காவாது.

இத்தீங்கு மாட்டினும் பருத்தியில் பெரிதாயிற்று. கோவில்பட்டி வட்டாரம் பருத்திக்குப் பெயர் பெற்றது. 1901இல் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டமைக்கும், கருங்கண்ணிப் பருத்தி பெயர் பெற்றமைக்கும் இக்கரிசல் மண்ணே காரணம். பருத்தி மாடு போன்றதன்று; அதற்கு ஊர் விலை உண்டு; ஆலை விலை உண்டு; கடல் கடந்த சந்தை விலையும் உண்டு. அவ்விலை ஒரு தரப்பார்க்குத் தெரிந்தும் மற்றவர்க்குத் தெரியாமலும் இருந்தது. எனவே பருத்தி விற்பனையில் துண்டு போடுதற்கு மேற்கூறிய காரணங்களுள் ஒன்றும் இல்லை. ஆயினும் இந்தியப் பருத்திச் சந்தைகள் பலவற்றில் தரகரும் வாங்குவோரும் துணிக்கடியில் விரல் பற்றி விலை முடித்தனர். பருத்தியைக் கொண்டுவந்த உழவர் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். லின்லித்கோ பெருமகன் தலைமையில் 1926இல் அமைக்கப்பட்டு 1928இல் அறிக்கை அளித்த அரச வேளாண்மை ஆணைக்குழு இம்முறையைச் சந்தைக் குறைகளுள் ஒன்றாக எடுத்துக் காட்டியது. ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டும் என்று அக்குழு கூறியது.

சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் 1933இல் இயற்றப்பட்டது. அதன்வழி முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936இல் பருத்திக்காகத் திருப்பூரில் அமைந்தது. அச்சட்டத்தை அடுத்து 1959ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1987ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. கோவில்பட்டியிலும் இன்று ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உள்ளது.

6. மறைமுக ஏலம்

இவ்விற்பனைக்கூடங்களில் வழங்கும் முறை நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணை செய்வது. அதன் பெயர் மறைமுக ஏலம். உழவர் தம் விளைபொருளைக் கூடத்தில் வைப்பர்; ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண் கொடுக்கப்படும். வணிகர் ஒவ்வொருவரும் பொருளைப் பார்த்துத் தாம் கொடுக்கும் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுவர். ஒருவர் எழுதியது மற்றவர்க்குத் தெரியாது. குறித்த நேரத்தில் பெட்டி திறக்கப்படும். மிக்க விலை எழுதியவர் பெயர் அறிவிக்கப்படும். அவ்விலை ஒவ்வாதாயின் உழவர் மறுக்கலாம்.

ஏலம் என்னும் சொல் போர்த்துக்கீசியரின் லெயிலாவ் என்பதன் வழியாகத் தமிழுக்கு வந்தது. அதன் மூலமாகிய அரபுச் சொல்லுக்கு அறிவித்தல் என்பது பொருள். ஆகவே, சொல்லாராய்ச்சி வகையால் நோக்கின் மறைமுக ஏலம் என்பது மறைவான அறிவிப்பு என்று பொருள்பட்டு, முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றும். முறையை நோக்கின் முரண் இல்லை. எழுதும்போது மறைவு, திறக்கும்போது அறிவிப்பு. மறைவு வணிகர் ஒருவர்க்கொருவர் இடையிலேயே நிற்கின்றது. உழவர்க்கு எதிராக நிற்கவில்லை. எதிராளி எழுதியது தெரியாமையால், வணிகர் தம் மதிப்பை ஒட்டியே எழுத வேண்டியவராகின்றார். அவர்கள் முன்னரே தமக்குள் கூடி ஒரு விலைக்கு இசைந்தாராயின் இப்பயன் கெடும் என்பதும் உண்மையே. எனினும் துண்டுக்கு வெளியே நின்ற உழவர், பெட்டியைத் திறக்கும் இடத்துக்கு உரிமையோடு வந்து நிற்கின்றார். மறைத்தல் என்னும் அதே கருவி கைமாறியவுடன் பயனும் மாறியது.

பொருளியலறிஞர் இருவர் கருத்துகள் ஈண்டுப் பொருந்துவன. மறைச்சீட்டு ஏலங்களின் இயல்பை வில்லியம் விக்ரி என்பார் 1961இல் ஆராய்ந்து விளக்கினார். பழைய ஊர்திகளின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத இடத்தில் நல்ல பொருளும் விலை குன்றும் என்பதை ஜார்ஜ் அக்கர்லாப் 1970இல் நிறுவினார். சந்தையில் மாட்டின் பல்லையும் சுழியையும் உரக்கப் பேசி, விலையை மட்டும் துண்டுக்குள் பேசிய நம் உழவர், பொருளைப் பற்றிய அறிவு பொதுவாதல் வேண்டும் என்பதை உணர்ந்தே இருந்தனர் எனலாம்.

7. இன்றைய நிலை

உழுபொறி வந்தபின் கரிசல் நிலத்தில் உழவு மாடுகள் குறைந்துவிட்டன. அவற்றோடு மாட்டுத் தரகர் கூட்டமும் சுருங்கி வருகின்றது. ஆட்டுச் சந்தை மட்டும் செழித்து நடைபெறுகின்றது. கைப்பேசி வழியே வெளியூர் விலையை நொடியில் அறியலாம். 2016ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் தொடங்கப்பெற்ற தேசிய மின்னணு வேளாண் சந்தை, சீட்டுப் பெட்டியின் வேலையைக் கணிப்பொறிக்கு மாற்றத் தலைப்பட்டது. இவற்றால் விலை மறைத்தல் ஒழிந்துவிட்டது என்று கொள்ளுதல் ஆகாது. விலை நேரில் என்னும் விளம்பரம் வளர்ந்தே வருகின்றது. அது படிப்பவர் எண்ணத்தக்கது: மறைக்கின்றவர் தம் முடையை மறைக்கின்றாரா, வருபவரின் வாய்ப்பை அளந்து விலை சொல்லக் காத்திருக்கின்றாரா என்பது நேரில் சென்றாலன்றித் தெரியாது. நேரில் செல்வதற்கு ஆகும் செலவோ வாங்குபவர் தலையில் விழுகின்றது.

இன்னும் ஒன்று. கரிசல் ஊர்களில் ஆடு வளர்ப்போருள் பெண்கள் பலர். ஆட்டைக் குட்டியிலிருந்து பேணி, அதன் ஒவ்வொரு நோயும் அறிந்தவர் அவரே. சந்தையில் ஆடவரோடு கை கோத்து விரல் பற்றுதல் அவர்க்கு வழக்கன்று. ஆதலின் விலை பேசுதற்கு உறவினரையோ தரகரையோ சார்ந்து, தம் பொருளுக்குத் தாமே அயலாராய் நிற்கின்றனர். எளியவரின் மானத்தைக் காத்த துண்டு என்று முன்னர்க் கூறினோம். அத்துண்டின் வெளியே நிறுத்தப்பட்ட எளியவரும் உளர் என்பதை மறந்து அதனைப் போற்றுதல் நடுவுநிலையாகாது.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் அறியப்படுவன வருமாறு. பகர்தல் என்னும் சொல் காட்டுவதுபோல, விலையை வெளிப்படச் சொல்லுதலே தமிழ் வணிக நெறியின் பழைய இலக்கணம். ஒன்றுபோல் ஒன்றிராத பொருளிடத்தும், விற்பவனின் முடை வெளிப்படும் இடத்தும் விலை மறைத்தல் ஒரு காப்பாகத் தோன்றியது. அதே மறைப்பு, ஊர் விலை உடைய பொருளிடத்தும் இடைநின்றார் கையிலும் சென்றபோது சுரண்டலுக்குக் கருவியாயிற்று. ஆகவே, விலை மறைக்கப்பட்டதா என்பது தக்க வினாவன்று. துணிக்கு உள்ளே யார் கை இருந்தது, வெளியே யார் நின்றார் என்பதே வினா. மதுரை வீதியில் கோவலன் நின்றது வெளியே. ஒழுங்குமுறைச் சந்தைக்கு முன் பருத்தி உழவர் நின்றதும் அங்கேயே.

தமிழ் ஆராய்ச்சியாளர்க்கு இதன்கண் ஒரு கடமையும் உண்டு. இடைசெவலிற் பிறந்த கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதி, கரிசல் மக்களின் சொற்களைத் தொகுக்க வழிகாட்டியது. சந்தையின் எண்ணுக்குறிகளும் விரற்குறிகளும் அவ்வாறு முறையாகத் தொகுக்கப்படல் வேண்டும். எந்தச் சொல் எந்த எண்ணைக் குறித்தது என்பதோடு, அதனை அறிந்தவர் யாவர், யாருக்கு அது மறைக்கப்பட்டது என்பதும் உடன் குறிக்கப்படல் வேண்டும். நன்னூலார் குழூஉக்குறியைத் தகுதி வழக்கு என்றார். யாருடைய தகுதி என்று வினவி எழுதும்போதே அத்தொகுப்பு முழுமை பெறும். இப்பணியை மேற்கொள்ளும் மாணவர்க்குக் காலம் மிகுதியாக இல்லை; விரல் பற்றி விலை பேச அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.